கண்டிச் சீமையின் கிறவல் வழிகள்

துவிச்சக்கரவண்டி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவோர் யாவர்? தபாற்காரர், பாண் விற்பவர், யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே பாடசாலைக்கு விரையும் மாணவர் ஆகியோர் தோன்றுவர். கண்டியிலே வாழும் நமக்கு அவ்வண்டி அத்துணை நெருங்கிய தோழனாக வாய்க்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டினால் ஏற்றம். ஏற்றம் முடிந்தால் இறக்கம். மட்டமான நிலத்தைத் தேடி வாவிக்கரைக்குத்தான் வரவேண்டும். ஆயினும், இம்மலைகளில் ஏறுவதற்கென்றே சைக்கிளில் வருவோரை அண்மைக் காலத்தில் நாம் காண்கின்றோம். அவர்கள் தார் றோட்டை விட்டு விலகி, கிறவலும் சல்லியும் பரந்த தேயிலைத் தோட்டத்துப் பாதைகளை விரும்பி நாடுகின்றனர். அப்பாதைகள் எவ்வாறு தோன்றின? அவற்றில் எவ்வாறு செல்லலாம்? அவை யாருக்கு உரியன? இம்மூன்று வினாக்களையும் இன்று ஒருங்கே ஆராய்வோம்.

கிறவற் பாதைச் சவாரிக்குப் பெயர் பெற்ற நாடு இத்தாலி. அந்நாட்டின் தஸ்கனி மாநிலத்திலே, புளோரன்ஸ் நகருக்கும் சியெனா நகருக்கும் இடையே கியாந்தி என்னும் குன்றுநாடு கிடக்கின்றது. குன்றுகளின் சரிவெங்கும் திராட்சைக் கொடிகள் நிரை நிரையாக நிற்கும். இடையிடையே ஒலிவ மரங்களும், கோபுரம்போல் ஓங்கிய சைப்பிரஸ் மரங்களும் காணப்படும். அவற்றினூடே செல்லும் தார் இடப்படாத வழிகளை அந்நாட்டார் ‘வெள்ளைப் பாதைகள்’ என்று அழைக்கின்றனர். மண்ணிலும் கல்லிலும் சுண்ணாம்பின் வெண்மை கலந்திருத்தலே அப்பெயருக்குக் காரணம்.

இவ்வெள்ளைப் பாதைகள் ஒவ்வொன்றாகத் தார்ப் போர்வைக்குள் மறைந்து வந்தன. அவற்றைக் காக்க வேண்டும் என்ற நோக்குடன், 1997ஆம் ஆண்டில், கயோலே என்னும் சிற்றூரிலிருந்து ஜான்கார்லோ புரோச்சி என்பவரின் முயற்சியால் ஒரு சைக்கிள் ஊர்வலம் புறப்பட்டது. ‘லெரோயிக்கா’ என்பது அதன் பெயர். ‘வீரமிகு செலவு’ என்று நாம் பொருள் கொள்ளலாம். முதலாண்டிற் கலந்துகொண்டோர் 92 பேர் மட்டுமே. 1987ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட பழைய சைக்கிள்களிலேயே வரவேண்டும் என்பது அவ்விழாவின் விதி. பின்னர் 2007இல் அதே பாதைகளில் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் தொடங்கிற்று. இன்று அப்பந்தயம் ‘வெள்ளைப் பாதைகள்’ என்ற பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகின்றது. ஒரு காலத்தில் ஏழைமையின் அடையாளமாக எண்ணப்பட்ட புழுதிப் பாதை, ஒரு தலைமுறைக்குள் அந்நாட்டின் பெருமைகளுள் ஒன்றாயிற்று.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். திராட்சைக்குப் பதிலாகத் தேயிலை. சைப்பிரசுக்குப் பதிலாக நிழல் மரங்கள். எனினும், சரிவை வரி வரியாக வகுத்துப் பயிரிட்ட மனித உழைப்பு ஈரிடத்தும் ஒன்றே. பாதைகளின் பிறப்பு மட்டும் வேறு.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. மலைகளே அதற்கு அரணாக இருந்தமையால், அவற்றை ஊடறுத்துப் பாதை சமைப்பதே வென்றவரின் முதற் கவலையாயிற்று. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் காலத்திலே கொழும்பு–கண்டி றோட்டு உருவாயிற்று. கடுகண்ணாவை ஏற்றத்தில் இன்றும் நிற்கும் தோசன் கோபுரம், அவ்வேலையில் ஈடுபட்டு 1829இல் இறந்த பொறியியலாளரின் நினைவுச் சின்னமாகும். அதே காலத்திலேதான் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கம்பளைப் பகுதியிலும் கோப்பிச் செய்கை வேரூன்றிற்று. கோப்பி மூடைகளைத் தோட்டத்திலிருந்து பெருந்தெருவுக்குக் கொண்டுவர வண்டிப்பாதைகள் வேண்டியிருந்தன. இவ்வாறு மலைக்கு மலை கிளை பரப்பியவையே இன்றைய தோட்டப் பாதைகளுட் பல.

1867ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. அவ்வாண்டிலே புகையிரதம் கண்டியை எட்டிற்று. அவ்வாண்டிலேயே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில், ஸ்கொத்லாந்து தேசத்தவரான ஜேம்ஸ் தெயிலர் 19 ஏக்கரிலே தேயிலையை நாட்டினார். இரண்டாண்டு கழித்து, 1869இல், கோப்பி இலைகளிலே செந்நிறப் பூஞ்சண நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளுள் கோப்பித் தோட்டங்கள் பாழாயின. அவற்றின் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. பயிர் மாறியபோதும் பாதைகள் மாறவில்லை. கோப்பிக்காக வெட்டிய வழியிலேயே தேயிலைப் பெட்டிகள் சென்றன.

அப்பாதைகளை வெட்டிய கைகள் யாருடையவை என்பதை நாம் மறத்தலாகாது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், அடர்ந்த காட்டினூடே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். கொள்ளைநோயும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை மாய்த்தன. எஞ்சியோர் காட்டை அழித்தனர், கல்லுடைத்தனர், கான் வெட்டினர், பாதை சமைத்தனர். அவ்வருகையின் 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் பலர் நடைபயணம் செய்ததை நேயர்கள் அறிவீர்கள்.

தோட்டப் பாதையின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி செங்குத்தான ஏற்றத்தில் ஏறாது. ஆகவே, மலையின் உச்சியை நோக்கி நேரே செல்லாது, சரிவைச் சுற்றிச் சுற்றி, சிறிது சிறிதாக உயரும்படி பாதை வகுக்கப்பட்டது. மேற்புறச் சரிவை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்புறத்தில் இட்டு நிரவினர். கீழ்ப்புறம் சரியாதிருக்கச் சாந்தின்றிக் கல்லடுக்கிச் சுவர் எழுப்பினர். அடியிற் பெருங்கல், அதன்மேற் சிறுகல், அதன்மேற் களி கலந்த கிறவல் எனப் படை படையாக இட்டுக் கெட்டித்தனர். பாதையின் நடு ஆமை முதுகுபோல் சற்றே உயர்ந்திருக்கும். மழைநீர் இருபுறமும் வழிந்து கானிலே சேரும். கானின் நீர் மதகு வழியாகச் சரிவின் கீழே இறங்கும். கிறவற் பாதையின் முதற் பகைவன் நீரே. கான் தூர்ந்துவிட்டால், நீர் பாதையின் நடுவே ஓடிக் கிறவலை அரித்து, கற்களை மட்டும் பல்வரிசை போல விட்டுச் செல்லும்.

எருதுக்கு இசைந்த ஏற்றம் மனிதனின் காலுக்கும் இசைந்தது. சைக்கிளோட்டிகள் இவ்வழிகளை விரும்புவதன் இரகசியம் இதுவே. ஏற்றம் நீளமானது, ஆனால் மூச்சை அடைப்பதன்று. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ கிராம் நிறை என்றும், ஏற வேண்டிய உயரம் 500 மீற்றர் என்றும் கொள்வோம். உடலின் ஆற்றலில் ஏறத்தாழக் காற்பங்கே மிதியில் வேலையாகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. அதன்படி, அவ்வுயரத்தை ஏற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 420 கலோரி. நூற்றுப் பதினைந்து அல்லது நூற்றிருபது கிராம் அரிசியைச் சோறாக்கி உண்டால் அது கிடைத்துவிடும். ஒரு தட்டுச் சோறு ஒரு மனிதனையும் அவன் வண்டியையும் மலைமேல் ஏற்றிவிடுகின்றது என்றால், துவிச்சக்கரவண்டியின் சிக்கனத்துக்கு வேறு சான்று வேண்டுமோ?

இப்பாதைகளுக்கென அமைந்த சைக்கிள், சாதாரணப் பந்தயச் சைக்கிளைப்போலத் தோன்றினும் சில வகையில் வேறுபட்டது. தார் றோட்டுக்கான பந்தயச் சைக்கிளின் டயர் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் அகலமே உள்ளது; சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அளவில் காற்று இறுக்கமாக அடைக்கப்படும். கிறவற் பாதைக்குரிய டயரோ 40 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மேற்பட்ட அகலமுள்ளது. காற்றோ 30 முதல் 40 இறாத்தல் அளவிலேயே அடைக்கப்படும். காரணம் எளியது. இறுகிய டயர் ஒரு கல்லின்மீது ஏறும்போது, வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே எறியப்படுகின்றனர்; ஒவ்வொரு கல்லுக்கும் ஓட்டம் சிறிது குறைகின்றது. இளகிய டயரோ கல்லைத் தன்னுள் வாங்கி வளைந்துகொடுக்கின்றது. வண்டி சமமாக ஓடுகின்றது. இத்துடன், ஏற்றத்திற்கேற்ற மிகத் தாழ்ந்த கியரும், ஈரத்திலும் வழுவாத வட்டத் தகட்டுத் தடுப்பும் வேண்டும். எனினும், இவையெல்லாம் வாய்த்தாற்றான் புறப்படலாம் என்று எண்ண வேண்டா. நல்ல தடுப்பும் அகன்ற டயரும் உள்ள மலைச் சைக்கிளே போதும். இயலாத இடத்தில் இறங்கித் தள்ளுவதும் இழுக்கன்று.

இனி வழிகளைக் கூறுவோம். முதல் வழி கண்டி நகரத்திலிருந்தே தொடங்குகின்றது. பெரியாஸ்பத்திரிப் பக்கமாக ஏறும் ஹந்தானை றோட்டிலே நான்கு கிலோமீற்றர் அளவு சென்றால், பழைய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையை அடையலாம். 1925இல் கட்டப்பட்ட அக்கட்டடம் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அங்கிருந்து உடுவெலப் பக்கமாகக் கலஹா வரை தோட்டப் பாதைகள் செல்கின்றன. கலஹாவிலிருந்து தெல்தோட்டைப் பக்கத்து மலைகளைக் கடந்தால் லூல்கந்துரை. ஜேம்ஸ் தெயிலர் அமர்ந்து மலைகளை நோக்கினார் எனப்படும் கல்லிருக்கை அங்கே உண்டு. 1852இல் இளைஞராக இலங்கைக்கு வந்த அவர், மீண்டும் தாய்நாட்டில் வாழச் செல்லாது, 1892இல் இங்கேயே இறந்து, கண்டி மகியாவையிலுள்ள மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வழியே ‘பீக்கோ வழி’ எனப்படும் நெடும்பாதையின் தொடக்கமுமாகும். பழைய தோட்டப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் இவ்வழி, ஹந்தானையில் தொடங்கி, ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல முதலிய இடங்களின் மலைகளைச் சுற்றி, நுவரெலியாவில் முடிகின்றது. பிறநாட்டு உதவியுடன் வகுக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டிலே தொடங்கிவைக்கப்பட்டது. நடப்போருக்கே இது முதன்மையாக உரியது. எனினும், வண்டிப்பாதையாக உள்ள பகுதிகளிற் சைக்கிளும் செல்லலாம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்த அதே ஆண்டிலே இவ்வழியும் திறக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது. ஒரே பாதையின் இரு நினைவுகள் ஒரே ஆண்டில் விழித்தெழுந்தன எனலாம்.

இரண்டாவது வழி கிழக்கே நக்கில்ஸ் மலைத்தொடரை நோக்கியது. வத்தேகமை, பன்விலை வழியாக மடுல்கலைத் தோட்டங்களை அடைந்தால், ஒருபுறம் தேயிலையும் மறுபுறம் காடும் மாறி மாறி வரும். ஹுன்னஸ்கிரியைச் சந்தியிலிருந்து லூல்வத்தை வழியாகக் கோபெற் கணவாயைக் கடந்து மீமுரேக் கிராமத்துக்கு இறங்கும் வழி மிகவும் கரடுமுரடானது. பழக்கமில்லாதோர் அதனை முதற் பயணமாகக் கொள்ளலாகாது. நக்கில்ஸ் வனம் 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அங்குள்ள காட்டுவழிகளில் நுழையுமுன் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதிகளை அறிந்து, வேண்டிய அனுமதியைப் பெறுதல் கடமை.

காலத்தையும் அறிதல் வேண்டும். கண்டியைத் தென்மேற்குப் பருவமும் வடகீழ்ப் பருவமும் மாறி மாறி நனைக்கின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். தை பிறந்த பின் பங்குனி வரையுள்ள காலமே பொதுவாக உலர்ந்தது. எம்மாதமாயினும் விடியலிற் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புவது நன்று. மழையில் அட்டைக் கடிக்கு உப்போ சவர்க்காரமோ உதவும்; மண்சரிவுக்கோ அத்தகைய எளிய மருந்தில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலின்போது நம் கண்டி மாவட்டம் அடைந்த உயிரிழப்பை யார் மறக்க முடியும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாட்களிலே எவரும் மலைப்பாதையில் வண்டி செலுத்தலாகாது. அத்துடன், தூர்ந்த கானும் அடைபட்ட மதகும் பாதையை மட்டுமன்றிச் சரிவின் கீழுள்ள லயன்களையும் அபாயத்துக்கு உள்ளாக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கேதான் நம் மூன்றாவது வினா எழுகின்றது. இப்பாதைகள் யாருக்கு உரியன?

இத்தாலிய உவமையை இவ்விடத்திலே நிதானித்துக் கையாள வேண்டும். தஸ்கனியிலே விளைவில் பாதியை நிலக்கிழாருக்கு அளித்து உழுத வாரக்குடிகள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருந்தொகையாக நிலத்தை விட்டு நகரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். புதிய வார ஒப்பந்தங்களை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. குடிகள் நீங்கிய குன்றுகளிலே வீடுகளும் பாதைகளும் வெறுமையுற்றன. ஆள் வழக்கற்ற பாதையைக் கிறவலாகவே காத்தல் எளிது. அதனால் வருந்துவோர் சிலரே. நம் தோட்டங்களின் நிலை அஃதன்று. இங்கே பாதையோரமெங்கும் மக்கள் வாழ்கின்றனர். சுற்றுலா வந்தவர் இன்பமாக அனுபவிக்கும் அதே குலுக்கத்தை, நோயுற்ற முதியவரும் பேறுகாலத் தாயும் முச்சக்கரவண்டியில் துன்பமாக அனுபவிக்கின்றனர். பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தை முதுகிற் சுமந்து நிறுவைக்குச் செல்லும் பெண், அதே கற்களின்மேல் நடக்கின்றாள். ஆசிரியத் தொழிலில் உள்ள எங்களுக்கு, மழைநாளில் இடாப்பைக் கூப்பிடும்போதே மலையிலுள்ள பாதைகளின் நிலை தெரிந்துவிடும். தூரத்துத் தோட்டங்களின் பிள்ளைகள் அன்று வருவதில்லை.

இப்பாதைகள் பல்லாண்டு பேணப்படாதிருந்தமைக்குச் சட்ட நிலையும் ஒரு காரணம். பொதுவீதி போலத் தோன்றினும் பெரும்பாலானவை தோட்ட நிருவாகத்துக்கு உட்பட்டவை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு, சபையின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்றது. வாக்களிக்கும் சபையிடமே பாதை கேட்க முடியாத அந்நிலை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே நீங்கிற்று. சட்டம் வழிவிட்ட பின்னும் வேலை மெல்லவே நடைபெறுகின்றது.

ஆகவே, பாதையைக் கிறவலாகவே விடுங்கள் என்று விருந்தினர் கேட்பதும், தாரோ கொங்கிறீற்றோ இடுங்கள் என்று குடிகள் கேட்பதும் மோதுமோ என்னும் ஐயம் எழலாம். சிறிது பகுத்தறிந்தால் மோதல் இல்லை. லயனிலிருந்து பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் செல்லும் பாதை முதலிற் செப்பனிடப்பட வேண்டும். அங்கே அழகைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. அவற்றின் மேலேயுள்ள பழைய வண்டிப்பாதைகள், பயிர்ப்பாத்திகளினூடே செல்லும் சிறு வழிகள், வழக்கொழிந்த கோப்பிக் காலத்துத் தடங்கள் ஆகியவற்றைக் கிறவலாகவே பேணலாம். அவற்றின் கானை வெட்டவும் மதகைத் துப்புரவாக்கவும் ஆட்கள் வேண்டும். அவ்வேலை தோட்டத்து இளைஞருக்கே உரியதாகட்டும். வழிகாட்டியாகவும், சைக்கிள் திருத்துபவராகவும், வீட்டில் விருந்தினரை ஏற்பவராகவும் அவர்கள் பொருளீட்டலாம். வழியைப் பார்க்க வருவோரின் பணம் கண்டியிலும் கொழும்பிலுமுள்ள ஹோட்டல்களிலேயே தங்கிவிடுமாயின், பாதையை வெட்டியவர்களின் பேரர்கள் அதன் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்போராகவே இருப்பர்.

செல்வோருக்கும் சில கடமைகள் உண்டு. தோட்டத்துக்குள் நுழையுமுன் அனுமதி கேளுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் லயன் வாசலிலும் வண்டியை விட்டு இறங்கி நடவுங்கள். அது ஒருவர் வீட்டு முற்றம். வேலை செய்யும் பெண்களை அவர்கள் விருப்பமின்றிப் படம் பிடிக்காதீர்கள். பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் இறக்கத்திலே வேகத்தை அடக்குங்கள். கோயிலடியில் மணியடிக்காது மெல்லச் செல்லுங்கள். தேநீரை அவ்வூர்க் கடையிலேயே அருந்துங்கள். காலிப் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நேயர்களே, வெளிநாட்டார் தேடி வரும் இவ்வழிகளை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? விடுமுறை நாளொன்றில், உங்கள் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு ஹந்தானை வரையேனும் சென்று வாருங்கள். சைக்கிள் இல்லையாயின் நடந்தே செல்லுங்கள். கல்லடுக்கிய ஒரு சுவரின் அருகே நின்று, சாந்தின்றி ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அக்கற்களை அவர்களுக்குக் காட்டுங்கள். அவற்றை அடுக்கியவரின் பெயர் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. அவர்களது சந்ததியார் மட்டும் அதே மலையில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, அதன்பின் மேலே செல்லுங்கள்.